ஈ.எல். எழுத்துக் கார்

கொழும்பில் ஒரு பழைய காரின் வயதை அறிய அதன் உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை. இலக்கத்தகட்டைப் பார்த்தால் போதும். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து பொறுக்கியெடுத்த எழுத்து இணைகள், அதாவது சி.எல்., சி.என்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்றவை, ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை பதிவான கார்களில் இருக்கும். 1957 இன் தொடக்கத்திலிருந்து பதிவானவற்றில் சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' இருக்கும். பிற்காலத்தில் அந்த எழுத்து நீங்கி, எண்களும் நடுவே ஒரு கோடும் மட்டும் எஞ்சின. 2000 ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்துகள் மீண்டும் வந்தன. இந்நாட்டின் அரசியல் வரலாற்றைப் பாடநூல்கள் எழுதத் தயங்கினாலும் இலக்கத்தகடுகள் ஒளிவுமறைவின்றி எழுதியே வந்திருக்கின்றன.

இதை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது லண்டனில் வாழும் பள்ளித் தோழர் ஒருவரின் தொலைபேசி அழைப்பால். கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு அப்பால் ஒரு சந்தில், ஒரு கராஜின் பின்புறத்தில் பழைய சன்பீம்-டால்பட் 90 ஒன்று விலைக்கு இருப்பதாக யாரோ அவருக்குப் படம் அனுப்பியிருந்தார்கள். கூரையை மடித்துவிடக்கூடிய இரு கதவுக் கார். தகட்டில் ஈ.எல். எழுத்துகள். "மச்சான், அது அப்பாவின்ர கார் போலக் கிடக்கு. வாங்கிறதோ விடுறதோ பிறகு பாப்பம். நீ ஒருக்காப் போய்ப் பார்த்துச் சொல்லு" என்றார். கார் வாங்கும் விடயத்தில் பத்திரிகைக்காரனிடம் யோசனை கேட்பது, மீன் வாங்கச் சைவக் குருக்களை அனுப்புவது போன்றது. ஆயினும் ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவன் என்ற ஒரு தகுதி எனக்குண்டு. ஒப்புக்கொண்டேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரித்தானியாவின் ரூட்ஸ் குழுமம் சாதாரணக் குடும்பங்களுக்காக ஹில்மன் மின்க்ஸைச் செய்தது. கொஞ்சம் வசதியும் கொஞ்சம் வேகமும் வேண்டியவர்களுக்காகச் சன்பீம்-டால்பட்டைச் செய்தது. 90 என்ற மாதிரி 1948 இல் வந்தது. 1950 இல் இயந்திரத்தைப் 2267 கன சென்ரிமீற்றராகப் பெருக்கினார்கள். இதே வகைக் காரை ஓட்டித்தான் ஸ்டேர்லிங் மொஸ் 1952 இன் மொன்டே கார்லோ ஓட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றார். மடிப்புக் கூரை வடிவத்துக்கான உடலை, பிரபுக்களின் கார்களுக்கு உடல் கட்டிய திரப் அண்ட் மேபர்லி என்ற நிறுவனம் செய்து கொடுத்தது. இதன் வழிவந்த இரு ஆசன அல்பைனைத்தான் ஹிச்கொக்கின் 1955 ஆம் ஆண்டுப் படமொன்றில் கிரேஸ் கெலி மலைப்பாதையில் ஓட்டிச் செல்கிறார். ரோல்ஸ் ரொய்ஸின் ஆடம்பரம் இதற்கில்லை. ஆயினும் கொழும்பில் மொரிஸும் ஒஸ்ரினும் ஓடிய காலத்தில் காலி வீதியில் கூரையை மடித்துவிட்டு இது போனால் பலர் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

அந்தக் காலம் எத்தகையது என்பதையும் கவனிக்க வேண்டும். கொரிய யுத்தம் இறப்பர் விலையை ஏற்றிவிட, 1950, 1951 ஆம் ஆண்டுகளில் இலங்கையிடம் வெளிநாட்டு நாணயம் நிறைந்திருந்தது. தோட்டத்துரைமாரும் வர்த்தகக் கம்பனி அதிகாரிகளும் புதிய பிரித்தானியக் கார்களைத் தாராளமாகத் தருவித்தனர். தோழரின் தந்தையார் வாங்கிய வண்டியும் 1952 இல் கோட்டையில் இருந்த ஓர் ஆங்கிலக் கம்பனி அதிகாரியின் பெயரில் முதற்பதிவு பெற்றது. டாக்டர் அதை வாங்கியது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1964 இல், மூன்றாம் கையாக. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் அவர்களது வீடு இருந்தது. சிறுவனாக அந்தக் காரின் பின்னாசனத்தில் நானும் இரண்டொரு முறை இருந்திருக்கிறேன்.

ஒரு டாக்டர் ஏன் பன்னிரண்டு வயதுக் காரை வாங்க வேண்டும்? அதற்கான விடை நிதியமைச்சில் இருக்கிறது. இறப்பர் விலை இறங்கியது. வெளிநாட்டு நாணயக் கையிருப்பு ஆண்டுக்கு ஆண்டு கரைந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அரசு இறக்குமதிக் கதவை இறுக்கிச் சாத்தியது. தனியார் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றே போயிற்று. 1977 இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரை, இருந்த கார்களையே திரும்பத் திரும்பக் கைமாற்றி நாடு ஓடியது. ஓர் ஒஸ்ரினை மூன்று தலைமுறை ஓட்டிய குடும்பங்கள் உண்டு. வெளிநாட்டவர் வந்து பார்த்து, இலங்கையர் பழைய கார்களின் மீது என்ன காதல் கொண்டிருக்கிறார்கள் என்று வியப்பார்கள். காதலும் இல்லை, ஒன்றும் இல்லை. மாற்று வழி இருக்கவில்லை. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் வரிசைகட்டி நிற்பதற்கும், கொழும்பின் பாஸ்மார் இல்லாத பாகத்தை இரும்புத் துண்டிலிருந்து கடைந்தெடுக்கும் கைத்திறன் பெற்றதற்கும் அந்தப் பதினாறு வருட வறட்சி பெருங்காரணம்.

இந்தியாவிலும் இதே கதைதான், வேறு வடிவில். மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டை அம்பாசடர் என்ற பெயரில் 2014 வரை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். சென்னையில் ஸ்ரான்டர்ட் ஹெரால்ட் உருவானது. அதனால் அந்த இரு வகைக் கார்களையும் வைத்திருப்பவர்களுக்குப் பாக்குநீரிணைக்கு அப்பால் ஒரு நம்பிக்கை இருந்தது. ஹில்மன் மின்க்ஸைக்கூட யப்பானில் இசுசு நிறுவனம் சில காலம் பொருத்தியது. சன்பீம்-டால்பட்டுக்கோ எந்த நாட்டிலும் சித்தப்பன் பெரியப்பன் இல்லை. ரூட்ஸ் குழுமத்தை 1967 இல் கிறைஸ்லர் விழுங்கியது. 1978 இல் பேஜோ அதனை வாங்கியது. பாகம் கேட்டு எழுதுவதற்கு ஒரு முகவரிகூட எஞ்சவில்லை. வாங்க நினைப்பவர் இதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி அந்த ஈ.எல். எழுத்துகள். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததை எல்லோரும் அறிவர். அதன் அடுத்த அடி வீதிகளில் விழுந்தது. 1957 இன் தொடக்கத்தில் புதிய வாகனங்களின் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' பொறிக்க வேண்டும் என்றானபோது தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்தது. தமிழ் எழுத்தில் ஸ்ரீ எழுதிக்கொண்டு கார் ஓட்டினார்கள், வழக்குகளும் வந்தன. அவ்வாண்டு ஜூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தாகிய பின் நிலைமை சற்றுத் தணிந்தது. 1958 இன் தொடக்கத்தில் பஸ் சேவைகள் தேசியமயமாகின. மார்ச் மாதம், சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்களை வடக்குக்கு அனுப்பியபோது தார் வாளிகள் மீண்டும் வெளியே வந்தன. வடக்கில் சிங்கள எழுத்தின் மீது தார். கொழும்பிலும் தெற்கிலும் கடைகளின் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் மீது தார். ஏப்ரல் 9 ஆம் திகதி, பிக்குமார் றொஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டின் முன் அமர்ந்திருக்க, உடன்படிக்கை கைவிடப்பட்டது. மே மாதம் இனக்கலவரம் மூண்டது; 27 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. ஓர் எழுத்துக்காகவா இவ்வளவும் என்று கேட்கும் இளைய தலைமுறைக்கு நான் சொல்வது, எழுத்துதான் முதலில் கண்ணில் படுகிறது என்பதே.

பழைய எழுத்துக் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை தம் தகட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை. என் சிறிய தகப்பனார் கந்தோருக்குக் கொண்டுபோன ஈ.என். மொரிஸ் மைனரை எழுபதுகளின் இறுதிவரை விற்கவில்லை. வண்டி புகை கக்கும், மேட்டில் ஏறாது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "இது ஒரு பாஷையும் பேசாத கார்" என்பார். ஆங்கிலம் ஒரு பாஷை இல்லையா என்று அவரிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கொட்டாஞ்சேனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கராஜ் பாஸுக்கு வயது எண்பதை நெருங்கியிருக்கும். சாரமும் பனியனும் அணிந்து, காதுக்குப் பின்னால் பென்சில் செருகியிருந்தார். தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். ரயர்கள் நான்கும் மண்ணாகிவிட்டிருந்தன. கூரைத் துணி எலிக்கு இரையாகியிருந்தது. ஆசனத் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆனால் இயந்திரம் இறுகிப் போயிருக்கவில்லை. முன்னால் ஹாண்டிலை மாட்டிச் சுற்றிக் காட்டினார். நாற்பது ஆண்டுகளாக மாதந்தோறும் பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் விட்டுச் சுற்றி வைக்கிறாராம். விற்க வைத்திருந்த பொருளுக்கு எவரும் இவ்வாறு செய்வதில்லை என்று எனக்குத் தோன்றியது.

நான் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தேன். இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் பத்திரிகையில் ஒரு காலத்தில் மோட்டார் பக்கம் எழுதிய மூத்தவர். கூரையுள்ள காரில் கூரையே உடலைப் பிடித்து நிறுத்தும். கூரை மடியும் காரில் அந்தப் பாரம் முழுவதும் அடிச்சட்டத்தின் மேல். சட்டம் துருவேறித் தளர்ந்தால் கார் நடுவில் தொய்யும். கதவு இடித்துக்கொண்டு மூடாது. இங்கே இடப்பக்கக் கதவு கொஞ்சம் உரசியது. வலப்பக்கம் சரியாக விழுந்தது. ஒரு காந்தத் துண்டைக் கொண்டுபோய் மட்கார்டுகளில் ஒட்டிப் பார்த்தேன். பட்டி பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. இரண்டு இடங்களில் பிடிக்கவில்லை. கடலோரம் பத்தொன்பது ஆண்டுகள் நின்ற வண்டிக்கு இது அதிகமன்று. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பாலிருந்து வரும் உப்புக்காற்று ஜன்னல் கம்பிகளையே தின்றுவிடும்.

பிறகு பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சசி இலக்கமும் இயந்திர இலக்கமும் ஒத்துப்போயின. உரிமையாளர் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது, கடைசிப் பெயர், தோழரின் தந்தையாருடையது. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

1983 ஜூலையில் கொழும்பில் நடந்ததை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையில் வாக்காளர் இடாப்பை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். காலி வீதியில் வாகனங்களை மறித்துப் பெற்றோலை வடித்தெடுத்து அதே பெற்றோலால் கடைகளையும் கார்களையும் கொளுத்தினார்கள். டாக்டரின் வீடும் எரிந்தது. கார் தப்பியதற்குக் காரணம், அதற்கு முந்திய வாரம் கிளச் வேலைக்காக அது கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தமையே. குடும்பம் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இருந்தது. பின்னர் லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனது. ஈராண்டில் லண்டன் சேர்ந்தது. டாக்டர் 2009 இல் அங்கேயே காலமானார்.

பாஸ் சொன்ன கதை இது. கலவரம் ஓய்ந்த கிழமை, அவர் முகாமுக்குத் தேடிப் போயிருக்கிறார். காரை என்ன செய்வது என்று கேட்டபோது, விற்றுத்தா என்றாராம் டாக்டர். யார் வாங்குவது? தானே எடுப்பதாகச் சொல்லிப் பதினையாயிரம் ரூபாய் பேசி, கையிலிருந்த ஒன்பதாயிரத்தைக் கொடுத்திருக்கிறார். டாக்டர் பெயர் நிரப்பாத உரிமைமாற்றப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கொழும்பில் 'ஓபன் பேப்பர்' என்று வழங்கும் இந்த வழக்கம் இன்றும் உண்டு. "மிச்சம் ஆறாயிரத்த அனுப்பணும்னு இருந்தேன் தம்பி. யாழ்ப்பாணத்துக்கு எழுதினேன், பதில் இல்ல. காசு குடுத்து முடிக்காம புஸ்தகத்துல எம் பேர எப்பிடிப் போடுறது?" என்றார்.

இவ்வாறான கதைகளை நம்புவதற்குப் பத்திரிகைத் தொழில் ஒருவனைப் பழக்குவதில்லை. அந்த வாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடும் கடையும் வாகனமும் பாதி விலைக்கும் கால் விலைக்கும் கைமாறின. பல விலையின்றியே கைமாறின. பறித்தவர்கள் பின்னாளில் வாங்கினோம் என்றே சொன்னார்கள். ஆகவே தோழரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். முகாமுக்கு யாரேனும் வந்த ஞாபகம் உண்டா? வீட்டில் பழைய கணக்குகள் ஏதும் உண்டா? சாரம் கட்டிய ஒருவர் பத்திரிகையில் சுற்றிய பொட்டலத்தோடு வந்தது அவருக்கு நினைவிருந்தது, வேறொன்றும் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். அவருடைய அம்மாவின் கணக்குக் கொப்பி. 1983 ஓகஸ்ட் என்று தலைப்பிட்ட பக்கத்தில் அரிசி, சீனி, சாரி இரண்டு என்பவற்றுக்கு மேலே 'கார்க் காசு 9000' என்றிருந்தது.

இதற்கிடையில் ரொறன்ரோவில் இருக்கும் தோழரின் தம்பி குறுக்கிட்டார். "எங்கட காரை நாங்களே காசு குடுத்து வாங்கிறதோ? புத்தகத்தில அப்பாவின்ர பேர்தானே கிடக்கு" என்பது அவரது வாதம். சட்டப்படி இது வலுவற்ற வாதமன்று. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் பதிவுபெற்ற உரிமையாளர் இன்றும் அவர்களது தந்தையார்தான். மரணசாதன வழக்கொன்றைக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் தொடுத்து வாரிசுரிமையைக் கோரலாம். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை இருவருக்கும் எழுதினேன். ஒன்பதாயிரம் ரூபாய் 1983 இல் ஒரு கராஜ்காரருக்குச் சிறு தொகையல்ல; அதை அவர் கொடுக்காமலே இருந்திருக்கலாம்; கேட்பதற்கு அன்று எவரும் இருக்கவில்லை. நாற்பது ஆண்டு எண்ணெய் விட்டதற்கு எந்த நீதிமன்றம் கூலி நிர்ணயிக்கும்?

பாஸ் கேட்பது இருபத்தெட்டு இலட்சம். இதிலிருந்து ஆறாயிரத்தைக் கழித்துக்கொள்ளும்படி அவரே சொன்னார். நாணயப் பெறுமதி வீழ்ந்த வீழ்ச்சியில் அது வேடிக்கையாகத் தோன்றலாம், அவர் சிரிக்கவில்லை.

விலை நியாயமா? 2020 மார்ச்சில் அரசு மீண்டும் வாகன இறக்குமதியைத் தடை செய்தது. 1961 திரும்பி வந்தது போலிருந்தது. பழைய யப்பான் கார்கள் வாங்கிய விலையைவிட அதிகமாக விற்றன. ஓடாத பிரித்தானியக் கார்களும் அவற்றின் பின்னால் விலையேறின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தாயிற்று. ஆகவே தடைக்கால விலையைக் கொடுக்கத் தேவையில்லை. இருபதுக்குள் பேசலாம் என்பது என் கணிப்பு. வாங்கிய விலையைவிடத் திருத்தும் செலவு அதிகமாகும். டிங்கரிங், பெயின்ற், குஷன் வேலை, புதிய கூரை, பிரேக் இறப்பர்கள், துணி சுற்றிய பழைய வயர்கள் எல்லாம் வேண்டும். பெற்றோல் தாங்கியைக் கழற்றி எறிய வேண்டும். ஈயம் கலந்த பெற்றோல் இங்கே 2002 இல் நின்றுவிட்டது. அதற்காகச் செய்த இயந்திரமாதலால் வால்வு இருக்கைகளையும் மாற்றுவது நல்லது. காலனுக்கு இருபது மைலைச் சற்றே தாண்டும் வண்டி இது. 2022 இல் கியூ.ஆர். அட்டைக்கு வாரம் இருபது லீற்றர் பெற்றோல் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

லண்டனுக்கு ஏற்றிச் செல்லலாமா என்பது தோழரின் அடுத்த கேள்வி. 1945 க்கு முன் இங்கு பதிவான கார்களைத்தான் அனுமதியின்றி ஏற்றுமதி செய்ய முடியாது. இது அதற்குள் வராது. பிரித்தானியாவில் நாற்பது வயது கடந்த கார்களுக்கு வீதி வரியும் இல்லை, 2018 முதல் வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயமில்லை. பாகங்களும் பாகம் செய்வோரும் அங்கேதான் இருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஏற்றுவதே புத்தி. ஆனால் அங்கு போனால் ஈ.எல். தகடு கழன்றுவிடும். அந்நாட்டு எழுத்துகள் ஏறிவிடும்.

காலிமுக ஹோட்டலில் ஒரு 1935 ஸ்ரான்டர்ட் நைன் கார் காட்சிக்கு நிற்கிறது. எலிசபெத் மகாராணியின் கணவர் பிலிப், 1940 இல் போர்க்கப்பல் பயிற்சி அதிகாரியாக இங்கு வந்தபோது பன்னிரண்டு பவுணுக்கு வாங்கிய வண்டி அது. அவர் போய்விட்டார், கார் தங்கிவிட்டது, ஹோட்டல் உரிமையாளர் சிறில் கார்டினர் அதை வாங்கிப் பாதுகாத்தார். இளவரசர் தொட்டதால் அது கண்ணாடிக்குள் போயிற்று. வெள்ளவத்தை டாக்டர் தொட்ட காருக்கு அத்தகைய இடம் யாரும் தரமாட்டார்கள்.

வாங்கு, இருபது இலட்சத்துக்கு மேல் போகாதே, நீதிமன்றம் போகாதே, பாஸிடமே திருத்தக் கொடு, அவருக்கு வயதாகிறது என்று தோழருக்கு எழுதினேன். பதில் மூன்று நாளில் வந்தது. இருபத்திரண்டு வரை சம்மதம். தம்பியும் பாதி போடுவார். உரிமைமாற்றம் எப்படிச் செய்வது என்று விசாரித்தபோது, இறந்தவரின் பெயரிலிருந்து நேரே மகனின் பெயருக்கு மாற்ற முடியுமாயின் பாஸின் பெயர் புத்தகத்தில் வராது என்றார்கள். தோழர் அதற்கு உடன்படவில்லை. முதலில் பாஸின் பெயருக்கு, பிறகு தன் பெயருக்கு, இரண்டு கட்டணமும் தானே கட்டுவதாகச் சொல்கிறார். அதற்கான பத்திரங்களோடு அடுத்த வாரம் வெரஹெரவுக்குப் போக வேண்டும்.